டுங்கியில் விளைந்த கீரை

ஜெயமணிக்குத் தோட்டம் போடத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தீவு ஊரான மாயாபந்தரில் அவளிடம் விதை வாங்கிப் போனவர்கள் எல்லோரும் அவளைப் பிறவிக் கைராசிக்காரி என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கைராசி என்று ஒன்றும் கிடையாது. அவள் மணப்பாட்டுக் கடற்கரையில் பிறந்தவள். இருபத்தெட்டு வயது வரை மண்வெட்டியைத் தொட்டதில்லை. கிழிந்த வலையைப் பொத்தத் தெரியும், மீனைக் கீறி உப்பு வைக்கத் தெரியும், வாசலில் நின்று காற்றின் போக்கைச் சொல்லத் தெரியும். 1957-இல் அவள் புருஷன் செபஸ்தியானுக்கு அரசாங்கப் படகில் கலாசி வேலை கிடைத்தது. இரண்டு பெட்டியும் ஒரு மாதா படமுமாக இங்கே வந்து இறங்கினார்கள்.

நான் இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். பிரசவமும் நான்தான் பார்ப்பேன். அந்தக் காலத்தில் கப்பல் வந்த வாரம் உருளைக்கிழங்கும் வெங்காயமும் கிடைக்கும். கப்பல் தாமதமானால் பருப்பும் கருவாடும்தான். என்னிடம் வந்த பெண்களில் பாதிப் பேருக்கு நாக்கும் நகமும் வெளுத்திருக்கும். கீரை சாப்பிடு என்று சொல்லுவேன். எங்கே போய் வாங்குவது என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான்.

ஜெயமணியிடமும் அதையேதான் சொன்னேன். அவள் எங்கே வாங்குவது என்று கேட்காமல், போய் விதைத்துவிட்டாள். முதல் வருஷம் ஒன்றும் முளைக்கவில்லை. இரண்டாம் வருஷம் முளைத்ததையெல்லாம் மழை அடித்துப் போனது. மூன்றாம் வருஷம்தான் அவளுக்கு ஒன்று புரிந்தது. ஊரிலிருந்து வந்த மற்றவர்கள் எல்லோரும் அப்பன் பாட்டன் சொன்ன மாதத்தில் விதைத்தார்கள். அவளுக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்லை. அதனால் தனக்குத் தெரிந்ததை வைத்துக்கொண்டாள், காற்றை.

தென்மேற்குக் காற்று ஜெட்டிப் பக்கம் அலையைத் தள்ள ஆரம்பித்ததும் மென்மையான விதை எதையும் அவள் வெட்டவெளியில் போடமாட்டாள். கொடிப்பசலைத் தண்டை ஒடித்து நடுவாள். சேம்பு வைப்பாள். பூசணியைக் கூரைமேல் ஏற்றிவிடுவாள். வெண்டைக்கு மட்டும் முழங்கால் உயரத்துக்கு மேடு போடுவாள். அந்தக் காற்று ஓய்ந்து கடல் பளபளவென்று கிடக்கும் புரட்டாசிக் கடைசியில், ஓலைப் பந்தலுக்கு அடியில் கத்திரி, மிளகாய், தக்காளி நாற்று விடுவாள். புயல் மழை கழிந்த மார்கழியில் அவற்றை எடுத்து நடுவாள். தையிலும் மாசியிலும் எல்லாம் வரும், அவரை, முள்ளங்கி, கொத்தமல்லி வரை. பங்குனியில் தண்ணீர் கிடைக்காது. அதற்காகத் தேங்காய் மட்டையைக் குழிவான பக்கம் மேலே பார்க்கும்படி பாத்திக்குள் புதைத்து வைப்பாள். ஒரு மட்டை குடிக்கிற தண்ணீரை நான்கு நாள் வைத்திருக்கும். இது எந்தத் தோட்டத்துக்கும் பொருந்தும்.

உரத்துக்கு மீன் குடலும் தலையும். பாகற்காயைக் குத்துகிற ஈக்கு, மேல்பக்கம் ஓட்டை போட்ட டப்பாவில் சோப்புத் தண்ணீர் ஊற்றி, அதற்குமேல் ஊறின கருவாட்டுத் துண்டு ஒன்றைத் தொங்கவிடுவாள். ஈ நாற்றத்துக்கு வந்து தண்ணீரில் விழும். அவரையில் அசுவினி அடைந்தால் புகையிலை ஊறவைத்த தண்ணீர். அதைக் கீரைமேல் தெளிக்கக்கூடாது என்றும், காயில் தெளித்தால் ஒரு வாரம் பறிக்கக்கூடாது என்றும், தெளித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்றும் சொன்னது நான். புகையிலை பூச்சிக்கு மட்டும் விஷம் இல்லை. கீரைக்கு அடுப்புச் சாம்பல் போதும். காலையில் இலையில் ஈரம் இருக்கும்போது தூவ வேண்டும், மழை பெய்தால் மறுபடி தூவ வேண்டும்.

இனி 1964-ஆம் வருஷத்துக் கதை.

அந்த வைகாசியில் ஜெயமணியின் வேலிக்கு அந்தப்பக்கக் குவார்ட்டர்ஸுக்குச் சிவஞானம் குடிவந்தார். திருநெல்வேலிக்காரர், ஓர் அலுவலகத்தில் கிளார்க். சைவம். மனைவி சந்திரமதிக்கு இருபத்தாறு வயது, வயிற்றில் மூன்று மாதம். இதற்கு முன் இரண்டு முறை குழந்தை தங்கவில்லை. இரண்டாவது குழந்தை கப்பலிலேயே போனது. போர்ட் பிளேரில் இருந்தபோது, ஊரில் போய்ப் பெற்றுக்கொள்ளலாம் என்று ஏழாம் மாதத்தில் புறப்பட்டிருக்கிறாள். மூன்றாம் நாள் கடலில் வலி எடுத்துவிட்டது.

ஆனி முதல் வாரத்தில் அவள் இரத்தத்தைச் சோதித்தோம். ஹீமோகுளோபின் ஆறரை கிராம். டாக்டர் வங்காளி, அதிகம் பேசமாட்டார். "ஐப்பசி மாசத்துக்குள்ள ஒன்பது ஆகணும்" என்று என்னிடம் இந்தியில் சொன்னார். "இல்லேன்னா போர்ட் பிளேர் அனுப்பணும். இங்கே ரத்தம் ஏத்த வசதி இல்லை."

போர்ட் பிளேர் என்றால் கப்பல்.

வெளியே வராந்தாவுக்கு வந்ததும் சந்திரமதி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டர், நீங்க என்ன குடுத்தாலும் திங்கறேன். ஜஹாஜ்ல மட்டும் ஏத்திடாதீங்க."

"மாத்திரையை வாந்தி எடுக்காம இருந்தா ஏத்தமாட்டோம்" என்றேன். வெறும் வயிற்றில் விழுங்கிக்கொண்டிருந்தாள். சாப்பிட்ட பிறகு எலுமிச்சம்பழச் சாற்றோடு போடச் சொன்னேன். வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தேன். தோட்டத்தில் வெறுங்காலோடு நடக்காதே, கொக்கிப் புழு காலில்தான் ஏறும் என்று செருப்புப் போட வைத்தேன். பிறகு தினமும் இரண்டு கைப்பிடி கீரை. மீனும் முட்டையும் தொடாதவளுக்கு வேறு என்ன சொல்வது.

அடுத்த வீட்டிலேயே கீரை கிடந்தது. ஜெயமணி ஒரு கட்டுப் பசலையை வேலிக்கு மேல் நீட்டினாள். சிவஞானம் வாங்கவில்லை. அவருக்குக் குரல் உயராது, ஆனால் பிடிவாதம் உண்டு.

"தப்பா நெனைக்காதீங்க. உங்க பாத்தியில மீன் கொடல் போடுறீங்க. அந்த வாடை அடிச்சாலே அவளுக்குக் குமட்டுது."

"கழுவிட்டுத்தான் தாரேன் அண்ணாச்சி."

"வெளிய கழுவலாம். அது குடிச்சதை எப்படிக் கழுவுறது?"

ஜெயமணி சிரித்துவிட்டுக் கட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். கோபப்படவில்லை. "அதுவும் சரிதான். வேர்ல போய்க் கொப்புளிக்கச் சொல்ல முடியாது" என்றாள்.

சிவஞானம் தானே தோட்டம் போட்டார். அவருக்கு விவசாயம் தெரியும், ஊரில் வயல் இருந்தது. தீவில் விதைப்பது இதுதான் முதல் தடவை. பஞ்சாங்கத்தைப் பார்த்து ஆடி பிறந்ததும் நல்ல நாளில் முளைக்கீரை விதைத்தார். பாத்தி கட்டின அழகை இன்றைக்கும் சொல்லலாம், கயிறு பிடித்தது போல் இருக்கும். ஊரில் ஆடியில் தூறல் விழும். இங்கே ஆடியில் வானம் உடைந்து கொட்டும். இரண்டாம் நாள் விதை எல்லாம் வாய்க்காலில் போனது. மறுபடி விதைத்தார், மறுபடி போனது.

"அண்ணாச்சி, உங்க பஞ்சாங்கம் ஜஹாஜ்ல வந்துச்சு. மழை ஜஹாஜ்ல வரலை" என்றாள் ஜெயமணி. ஓலைத் தட்டி ஒன்றை எடுத்துப்போய்ப் பாத்திக்கு மேல் சாய்த்துக் கட்டிக் கொடுத்தாள். மூன்றாம் விதைப்பு முளைத்தது. விரல் நீளம் வளர்ந்தது. ஒரு காலையில் பார்த்தால் காம்பு மட்டும் நின்றது.

நத்தை. உள்ளங்கை அளவு இருக்கும். ஜப்பான்காரன் காலத்தில் வந்தது என்று ஊரில் சொல்வார்கள். யார் கொண்டுவந்தாலும் போக மறுத்தது. மழைக்காலத்தில் சுவர், வேலி, கிணற்றுமேடை எங்கும் அதுதான். ஜெயமணி அதைப் பிடிக்கிற விதம் மீன் பிடிக்கிற விதம். சாயங்காலம் ஈரக் கோணிச் சாக்கை மடித்துப் பாத்தி ஓரத்தில் போட்டு, உள்ளே அழுகின பப்பாளியை வைப்பாள். விடியற்காலையில் சாக்கைப் புரட்டினால் வலையில் மாதிரி அடைந்து கிடக்கும். கொதிக்கிற தண்ணீரில் கொட்டி, ஓட்டை நசுக்கி வாத்துக்குப் போடுவாள். வேகவைக்காமல் போடாதே, வெறுங்கையால் தொட்டால் கழுவாமல் அடுப்படிக்குப் போகாதே என்று மட்டும் நான் சொல்லி வைத்திருந்தேன்.

சிவஞானமும் சாக்குப் போட்டார், பொறுக்கினார். ஆனால் கொல்லமாட்டார். மனைவி வயிற்றில் பிள்ளை இருக்கும்போது புருஷன் ஓர் உயிரையும் வதைக்கக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். இரண்டு பிள்ளை போன பிறகு அவருடைய அம்மா அதைக் கடிதம் தவறாமல் எழுதிக்கொண்டிருந்தாள். அவர் கையில் உட்கார்ந்த கொசுவை ஊதி விடுவதை நானே பார்த்திருக்கிறேன். மலேரியா உள்ள ஊரில். அதற்காகச் சத்தம் போட்டிருக்கிறேன், கேட்கவில்லை. கொசுவலையாவது கட்டுங்கள் என்றேன், கட்டினார்.

"பொறுக்குறது நீங்க பொறுக்குங்க. வாளியை என்கிட்ட குடுத்துருங்க, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்றாள் ஜெயமணி.

"குடுத்துட்டு, நீங்க என்ன செய்வீங்கன்னு தெரியாத மாதிரி இருக்கணுமா? ஆள் வச்சு வெட்டுறதும் வெட்டுறதுதான்."

அதனால் தினம் காலையில் ஆபீஸுக்குப் போகும் முன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு வாளி நத்தையைத் தூக்கிக்கொண்டு, சாலையைக் கடந்து, மதகுக்கு அப்பால் இருந்த புதரில் பதனமாகக் கொட்டிவிட்டு வருவார். போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்த்தார்கள். "பாபுஜி, உங்க பசங்களை ஸ்கூல்ல விட்டாச்சா?" என்று கேட்டார்கள். அவர் தலையாட்டிவிட்டு நடப்பார். நத்தை குறையவே இல்லை.

ஆடி பாதிக்கு மேல் ஆயிற்று. சந்திரமதி ஒரு பிடி கீரைகூடத் தின்னவில்லை. மாத்திரை உள்ளே நின்றது, அது ஒன்றுதான் ஆறுதல். மாடிப்படி இல்லாத வீட்டிலேயே அவளுக்கு மூச்சு வாங்கியது.

ஜெயமணிக்கு ஒரு சந்தேகம் வந்தது. சிவஞானம் புறப்படும்போது வேலியோரம் நிறுத்தி, "ஒரு நிமிஷம் இறக்கி வைங்க அண்ணாச்சி, கொல்லமாட்டேன்" என்றாள். செபஸ்தியான் படகுக்கு அடிக்கிற சிவப்புப் பெயிண்ட் டப்பாவும் ஒரு குச்சியும் கையில் வைத்திருந்தாள். இருபது நத்தை ஓட்டில் ஒரு பொட்டு வைத்து அனுப்பினாள். நான்காம் நாள் அவரை அவர் பாத்திக்கே கூட்டிக்கொண்டு போய்ச் சாக்கைப் புரட்டிக் காட்டினாள். பதின்மூன்று சிவப்புப் பொட்டு.

சிவஞானம் வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"ராத்திரி நடந்து வந்துருதுக" என்றாள் ஜெயமணி. "தினம் சுமந்துட்டுப் போய் விடுறீங்க. அதுகளுக்கு நல்ல சவாரி."

"அப்ப நான் என்ன செய்யட்டும்? கொல்லவும் முடியாது, கொண்டுவிடவும் முடியாது. பத்து வாரத்துல அவளைக் கப்பல்ல ஏத்தச் சொல்லிருவாங்க."

அன்று மத்தியானமே ஜெயமணி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். வந்த காரணம் சிவஞானம் இல்லை, காலில் ஆணி குத்தியிருந்தது. நான் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது வார்டுக் கட்டில்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். எறும்பு ஏறாமல் இருக்க ஒவ்வொரு கட்டில் காலும் தண்ணீர் டப்பாவுக்குள் நிற்கும். எல்லார் வீட்டிலும் பலகாரம் வைக்கிற அலமாரி அப்படித்தான் நின்றது.

"சிஸ்டர், நத்தை உப்புத் தண்ணியைத் தாண்டுமா?"

"தாண்டாது. உப்புப் பட்டாலே சுருண்டுரும்."

"கிட்டே வந்து பாத்துட்டுத் திரும்பிருமில்ல? உள்ள விழுந்து சாகாதுல்ல?"

"அதை நத்தையைத்தான் கேக்கணும். எதுக்கு?"

அவள் வீட்டுப் பின்புறம் ஒரு பழைய டுங்கி கவிழ்ந்து கிடந்தது. இங்கே சின்னப் படகை அப்படித்தான் சொல்வோம். எட்டடி நீளம், அடிப்பலகையில் மூன்று இடத்தில் ஓட்டை. செபஸ்தியான் லீவு நாளில் மீன் பிடிக்கத் தன் கையால் செய்த முதல் டுங்கி.

"கடலுக்குப் போற டுங்கியில கீரை போடுவியா?" என்றான் அவன்.

"அது கடலுக்குப் போய் மூணு வருஷம் ஆச்சு. நீங்க மட்டும்தான் அதுல இன்னும் போயிட்டிருக்கீங்க."

"ஓட்டையை அடைச்சா போகும்."

"அடைக்கவேண்டாம். தண்ணி வடியணும்."

அவன் முணுமுணுத்துக்கொண்டே கூட வேலை பார்க்கும் மூன்று பேரைக் கூட்டிவந்தான். நான்கு பேரும் டுங்கியைத் தோளில் ஏற்றிச் சிவஞானம் வீட்டுக் கொல்லைக்குக் கொண்டுபோனார்கள். ஆறு கட்டைக் கால் பொருத்தி அவற்றின்மேல் இடுப்பு உயரத்துக்கு நிறுத்தினார்கள். ஒவ்வொரு கால் அடியிலும் பாதியாக வெட்டின மண்ணெண்ணெய் டின், அதில் கடல்தண்ணீர். டுங்கியின் வயிறு அகலமாக வெளியே பிதுங்கி இருந்ததால் மழை டின்னுக்குள் விழவில்லை, உப்பு கரையவில்லை. இதை அவள் யோசித்துச் செய்தாளா, தானாக அமைந்ததா என்று நான் கேட்கவில்லை. டின்னைப் பார்த்ததும் எனக்குக் கொசு ஞாபகம்தான் வந்தது. இந்தத் தீவில் உப்புத் தண்ணீரிலும் கொசு முட்டையிடும். டின்னுக்கு ஒரு கரண்டி மண்ணெண்ணெய் விடவேண்டும், சனிக்கிழமைதோறும் தண்ணீரை மாற்றவேண்டும், இல்லாவிட்டால் நானே வந்து கவிழ்ப்பேன் என்றேன்.

"சனிக்கிழமை என் வேலை" என்றாள் ஜெயமணி. "அண்ணாச்சி மாத்தினா கொசுப்புழுவை எல்லாம் பொறுக்கி மதகுக்கு அந்தப்பக்கம் விட்டுட்டு வருவாரு."

டுங்கியை நாலு நாள் மழையில் ஊறவிட்டுப் பலகையில் இருந்த உப்பைப் போக்கினாள். அடியில் தேங்காய் மட்டை, அதன்மேல் ஒரு சாண் மண். காட்டு இலைமக்கு, மாட்டுச் சாணம், சாம்பல். மீன் இல்லை. "வேணும்னா மோந்து பாத்துக்கங்க" என்றாள். சிவஞானம் உண்மையிலேயே குனிந்து மோந்து பார்த்தார். மேலே ஓலைத் தட்டி. விதையை மணலோடு கலந்து, டுங்கியில் மூன்றில் ஒரு பாகம் மட்டும் தூவினாள். பத்து நாள் கழித்து அடுத்த பாகம், இன்னும் பத்து நாளில் கடைசி. அப்போதுதான் ஒரு பாகம் பறித்து முடிக்கும்போது அடுத்தது தயாராக இருக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைத்துவிட்டு ஒரு வாரம் தின்று மூன்று வாரம் காத்திருப்பதுதான் நாம் எல்லோரும் செய்கிற தப்பு.

நத்தைகள் டின் வரைக்கும் வந்தன. விளிம்பில் ஏறிக் கொம்பை நீட்டித் தண்ணீரைத் தொட்டன, திரும்பிவிட்டன. சந்திரமதி காலையில் முக்காலி போட்டு உட்கார்ந்து அதை வேடிக்கை பார்த்தாள். ஆவணியில் முதல் கீரை பறித்தார்கள். மறுநாள் விடிகாலையில் அவள் வேலியோரம் வந்து கூப்பிட்டாள்.

"அக்கா, உள்ள ஒண்ணு உக்காந்திருக்கு."

ஒரே ஒரு நத்தை, இளங்கீரைக்கு நடுவில். ஜெயமணி சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். பக்கத்துக் கொய்யாவின் கிளை மழையில் தணிந்து டுங்கி விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. "பாலம் போட்டுக் குடுத்தா வராதா?" என்று கிளையை வெட்டினாள். காலில் டின் வைத்தால் மட்டும் போதாது, மேலே தொடுகிற கிளை, சாய்த்து வைத்த கம்பு, கீழே தொங்குகிற கொடி எல்லாம் வழிதான். இதை நான் எல்லோருக்கும் சொல்கிறேன், பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

பிறகு தினமும் கீரை. கடைந்து, பொரித்து, பருப்பில் போட்டு. புரட்டாசியில் சந்திரமதிக்கு எட்டு கிராம். கீரை மட்டும் அதைச் செய்யவில்லை, மாத்திரையும் பூச்சி மருந்தும் செருப்பும் சேர்ந்துதான் செய்தன. ஆனால் எட்டு என்பது ஒன்பது இல்லை. புரட்டாசி முழுக்க அவள் கப்பல் சங்கு ஊதும்போதெல்லாம் வீட்டுக்குள் போய்விடுவாள் என்று ஜெயமணி சொன்னாள்.

ஐப்பசி இரண்டாம் வாரம் டாக்டர் மறுபடி சோதிக்கச் சொன்னார். சிவஞானம் லீவு போட்டுவிட்டு வராந்தாவில் நின்றார். ஜெயமணி கீழே படியில் உட்கார்ந்து இஞ்சித் துண்டு ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தரம் பார்த்தேன். டாக்டர் ஒரு தரம் பார்த்தார். ஒன்பது, அதற்குமேல் ஒரு கோடு.

"டீக் ஹை" என்றார் டாக்டர். "இங்கேயே பாக்கலாம்."

நான் வெளியே வந்து சொன்னேன். சந்திரமதி சுவரில் சாய்ந்துகொண்டாள். சிவஞானம் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அதைப் பார்த்துவிட்டு மறுபடி பைக்குள் வைத்தார். ஜெயமணி எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு, "அப்ப மூணாவது பாகத்தை இன்னிக்கு மறுபடி விதைச்சுரலாம்" என்றாள்.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை காலை, நல்ல மழையில், பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோ எழுநூறு. சத்தமாக அழுதது. தாய்க்கு இரத்தப்போக்கு அதிகம் இல்லை. செய்தி சொல்ல ஆள் அனுப்பினேன். ஜெயமணி உடனே வரவில்லை. டின் தண்ணீர் மாற்றுகிற நாள், முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியனுப்பினாள்.

தாயும் பிள்ளையும் வீடு திரும்பிய பிறகு ஒரு காலையில் நான் குழந்தைக்குத் தொப்புள் பார்க்கப் போயிருந்தேன். வேலியோரம் சிவஞானம் நின்றுகொண்டிருந்தார். கையில் வாளி. மதகுப் பக்கம் போகவில்லை. வாளியை வேலிக்கு மேல் தூக்கி நீட்டினார்.

"பிள்ளைதான் பொறந்தாச்சே. இனிமே இதை நீங்களே வச்சுக்கங்க" என்றார்.

"என்ன செய்வேன்னு தெரியுமில்ல அண்ணாச்சி?"

"தெரியும். வாத்து முட்டை பெருசா இருக்குன்னு ஊரெல்லாம் சொல்லுது."

ஜெயமணி வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். மேலாக இருந்த ஒன்றின் ஓட்டில் சிவப்புப் பொட்டு, பாதி உரிந்திருந்தது. அதை எடுத்து அவருக்குக் காட்டினாள். சிவஞானத்தின் முகம் கொஞ்சம் மாறியது.

"இது ரொம்ப நடந்திருக்கு" என்றாள் ஜெயமணி. அதைத் திரும்ப வாளியில் போட்டுவிட்டு, கொதிக்கிற தண்ணீரைப் பார்க்க உள்ளே போனாள்.